இருபதாயிரம் அடியில் ஒரு பிசகு

கண்ணைக் கேளுங்கள், கையைக் கேளுங்கள், முதுகெலும்பைக் கேளுங்கள், இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள், நானும் கொடுத்துக்கொண்டுதானே இருக்கிறேன். இதை மட்டும் கேட்காதீர்கள், இதைக் கேட்க உங்களுக்கு எந்த முகம் இருக்கிறது என்று கமாண்டரின் மேஜைக்கு முன்னால் நின்றபடி அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. உதடு அசையாமல் நிற்பதில் அந்தப் போர் விமானத் தளத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மேஜை ஓரத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் கமாண்டரின் தங்க மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. கமாண்டர் கேட்டது ஒரு பாட்டு.

அவள் பறந்துகொண்டே பாடுகிற பாட்டு, பாடிய இடத்திலேயே வானத்தில் நின்றுவிடும். காற்று அதை நகர்த்துவதில்லை. இரண்டு நிமிடப் பாட்டு முப்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கொடி கட்டியதுபோலக் கிடக்கும். அந்த வழியாக அதே உயரத்தில் அதே வேகத்தில் போகிறவருக்கு ஹெல்மெட்டுக்குள் காதோரம் அது அப்படியே கேட்கும். சரக்கு விமானக்காரர்கள் மெதுவாகப் போவதால் அவர்களுக்கு அது மாடு கத்துவதுபோல இழுத்துக் கேட்டது. எதிர்த்திசையில் வருகிறவர்களுக்குக் கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குத் தலைகீழாகக் கேட்டதால், பல மாதங்கள் அதை வேறு ஏதோ மொழிப் பாட்டு என்றே நம்பினார்கள். இடி இடித்தால் இரண்டு நாள் தொண்டை கட்டினதுபோல ஒலித்துவிட்டுப் பிறகு தெளியும். தளத்தின் காலை வானிலைக் குறிப்பில் இப்போதெல்லாம் மேகம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், பாட்டு தெளிவாக இருக்கிறதா என்று மூன்றையும் சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவருக்கோ கேட்கிறவருக்கோ அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

அவளுக்கு அங்கே பெயர் ஊமை. பறக்க வருகிற ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் கூடி ஒரு பட்டப்பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். வைத்த பெயரை மறுக்கக்கூடாது, அதுதான் ரேடியோவிலும் கூப்பிடும் பெயர், ஹெல்மெட்டில் எழுதும் பெயர். அடுத்தவன் வாலைப் பிடித்துக்கொண்டே பறப்பவனுக்குப் பல்லி என்று வைத்தார்கள். பயிற்சிக் காலத்தில் பதினொரு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, அவர்கள் சொன்ன நகைச்சுவை எதற்கும் சிரிக்காததால் அவளுக்கு ஊமை. அவள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றும் பெரிதில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். பதினைந்து வருடமாக ரேடியோவில் ஊமை, ஊமை என்று கூப்பிட்டார்கள், அவளும் ஊமை பேசுகிறேன் என்று பதில் சொன்னாள். அதில் இருக்கிற வேடிக்கை ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தளத்துக் குடியிருப்புக்கு வெளியே, சலவைக் கடைக்கு மேல்மாடியில், பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒருத்தி சாயங்காலம் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். அவளைவிட எட்டு வயது சின்னவள், பொறுமை கிடையாது, வகுப்புக்கு நேரம் தாண்டி வந்தால் கதவைத் திறக்கமாட்டாள். கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவி மரப்படி வழியாக மேலே ஏறும்; அந்தச் சூட்டில் உட்கார்ந்து பாட வேண்டும். அங்கேதான் அவளுடைய வாழ்க்கையின் ஆதாரச் சிக்கல் வெளியே வந்தது. போர் விமானம் வேகமாகத் திரும்பும்போது உடம்பு தன் எடையைப்போல ஐந்து ஆறு மடங்கு கனக்கும், தலையிலிருந்து ரத்தம் இறங்கும், கண் இருளும். இருளாமல் இருக்க வயிற்றைக் கல்லாக இறுக்கி, மூச்சைப் பிடித்து, துளித் துளியாக விட வேண்டும். அதை அவளுக்கு அடித்து அடித்துப் பழக்கியிருந்தார்கள். பாட்டுக்கோ வயிறு தளர வேண்டும். "வயித்த விடுங்க மேடம், யாரும் உங்கள குத்த வரல" என்று டீச்சர் ஒவ்வொரு வகுப்பிலும் கத்தினாள். விட்டாள். அடுத்த வாரம் ஒரு பயிற்சித் திருப்பத்தில் வயிறு தளர்ந்தே இருந்துவிட்டது. பார்வை குழாய்போலச் சுருங்கிச் சாம்பல் நிறமாகி, விமானத்தை நேராக்கி மீண்டு வந்தாள். "வயித்த இறுக்கணும்னு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தோமேம்மா" என்றார் கமாண்டர். ஒரே வயிறு, இரண்டு எஜமான்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் படி ஏறுவதை விடவில்லை.

மற்றவர்களுக்கும் பொழுதுபோக்குகள் இருந்தன. கால்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஞாயிறு காலை தளத்துப் பேருந்து போனது. பல்லியின் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். கமாண்டர் இரண்டு முறை மாற்றலாகிப் போய் இரண்டு முறையும் அங்கேயே திரும்பி வந்தார். நான்கு பயணத்திலும் மீன் தொட்டி சரக்கு விமானத்தில் தனி இருக்கையில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தது, கூடவே அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சிப்பாய். மனசு லேசாக இருந்தால்தான் கை நடுங்காது என்று அதற்கு ஒரு தத்துவமும் சொன்னார்கள். அவள் பாட்டு வகுப்புக்காக ஒரு மணி நேரம் முன்னால் போகக் கேட்டபோது மட்டும் அந்தத் தத்துவம் லீவில் போய்விட்டது. கவனம் சிதறுகிறது என்று எழுதினார்கள். வீட்டில் குழந்தை இருக்கிறது, வேலை இருக்கிறது, மூன்றாவதாக ஒன்று எதற்கு என்று கேட்டார்கள். வீட்டிலும் அதே கேள்விதான். மருந்துக்கடை வைத்திருந்த கணவர் கெட்டவர் இல்லை. "பாட்டுக்கு என்ன அவசரம், ரிட்டயர் ஆனப்புறம் நிம்மதியா பாடேன்" என்று அன்பாகத்தான் சொன்னார். அதற்கு மாமியார்தான் உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "நீ ஞாயித்துக்கிழமை பூரா போன்ல செஸ் ஆடறியே, அதுக்கு ரிட்டயர்மெண்ட் வேண்டாமாக்கும்?" கணவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார், சிறிது நேரம் கழித்து மெதுவாக நிமிர்த்தினார்.

குடியிருப்பின் சுவர்கள் மெல்லியவை. வாய் திறந்தால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை எழுந்துகொள்ளும். அதனால் பாடிப் பார்க்க அவளுக்குப் பூமியில் இடம் இருக்கவில்லை. எல்லோரும் தட்டிக் கழிக்கிற விடியற்காலை வானிலைப் பறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாளின் முதல் விமானமாகத் தனியாக ஏறி, மேகத்தின் உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். கூட ஒருவரும் வரமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் ரேடியோ பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொடங்குவாள். ஆக்சிஜன் முகமூடியின் ரப்பர் வாசனைக்குள் அவள் குரல் அவளுக்கே மிக அருகில், வேறு யாரோ அழுவதற்கு முந்திய குரல்போலக் கேட்கும். சுகம் என்றால் அதுதான் சுகம். ஒரு நாள் இருபதாயிரம் அடியில், பாட்டின் கடைசி அடிக்கு முன்னால், செங்கல் சூளைக்கு நேர் மேலே, ஓடுபாதையை நோக்கி இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் வந்தது. திரும்பினாள். உடம்பு கனத்தது, பழக்கம் வயிற்றை இறுக்கியது, மேலே போக வேண்டிய சுரம் வழுக்கி அரைப்படி கீழே விழுந்தது. யார் கேட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டாள்.

கேட்டது பல்லி. மூன்று நாள் கழித்து அந்த வழியில் போனவன் இறங்கி வந்து, ரேடியோவில் யாரோ பாடுகிறார்கள் என்றான். மெக்கானிக்குகள் ரேடியோவைக் கழற்றினார்கள், ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார்கள், கடைசியில் பல்லியை டாக்டரிடம் அனுப்பினார்கள். பிறகு டாக்டரையே பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு போனதில் அவருக்கும் கேட்டது. அந்த மாதம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சு பாதி வெங்காயத்தைப் பற்றியும் பாதி பாட்டைப் பற்றியும் நடந்தது. அவள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பல்லி கரண்டியால் தட்டில் தாளம் போட்டுக்கொண்டு, கேட்டதை அப்படியே பாடிக் காட்டினான். கடைசி அடிக்கு முன்னால் சுரம் வழுக்கியது.

"அங்க மேல போகணும்" என்றாள் அவள், தன்னை அறியாமல்.

பல்லி கரண்டியை நிறுத்தினான். "எனக்கு எப்படித் தெரியும், ஊமை? மேல இருக்கறது கீழதான் போகுது. நான் என்ன, சொந்தமாவா பாடறேன்?" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். "ஏய்... நீயா?"

அரசாங்க விமானத்தில் அரசாங்க எரிபொருளில் பாடியதற்காக அவள் மேல் விசாரணை வைத்தார்கள். அவள் விமானத்தைக் கெடுக்கவில்லை, வேலையைக் குறைக்கவில்லை, மேகத்தின் உயரத்தை ஒரு நாளும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் குற்றம் குற்றம்தான். கமாண்டர் மீன்களுக்குத் தீனி போட்டபடி தீர்ப்பைச் சொன்னார்: "பாட்டெல்லாம் உன் சொந்த நேரத்துல வெச்சுக்கோம்மா. வானத்துல இருக்கறது டியூட்டி நேரம்." அவளைப் பறப்பிலிருந்து எடுத்து, யாருக்கு எப்போது லீவு என்று அட்டவணை போடும் மேஜையில் உட்கார வைத்தார்கள். அவளிடம் பயிற்சி பெற்றவர்கள் தோளில் ஒரு பட்டை கூடுதலாகக் குத்திக்கொண்டு அவள் மேஜைக்கு வந்து லீவு கேட்டார்கள். சொந்த நேரம் என்று ஒன்று விதிகளில் இருந்தது. அவளுக்கு வந்த அட்டவணையில் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பார்த்து அவசரப் பணி போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஓடிப் படியேறிப் போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளே வேறு யாரோ, வயிறு தளர்ந்த யாரோ, நன்றாகவே பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆவி வரும் படியில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள். கோபம் அழுகையாக வரும் என்று நினைத்தாள். அது கோபமாகவே வந்தது, அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அதைவிட அவளை அரித்தது அந்தப் பிசகு. டீச்சரின் அறையில் தப்பாகப் பாடினால் அடுத்த மூச்சில் அது இல்லாமல் போய்விடும். உலகத்தில் எல்லோருக்கும் கிடைத்திருக்கிற சலுகை அது. இங்கே அவளுடைய தப்பு மட்டும் இருபதாயிரம் அடியில் அழியாமல் நின்றது, போகிறவன் வருகிறவன் எல்லாம் அதற்குள் நுழைந்து போனான். புதிதாக வந்த பையன்கள் அவளைப் பார்த்ததும் அந்த ஒரு சுரத்தை மட்டும் முணுமுணுத்துவிட்டுச் சிரித்தார்கள். பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த இடத்தைச் சரியாகப் பாடுவாள், ஆயிரம் முறை சரியாகப் பாடுவாள், மேலே அது தப்பாகவே இருக்கும். மகள் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "உன் பாட்டெல்லாம் பல்லி மாமா கேட்டிருக்காராம். நான் ஒண்ணுகூடக் கேட்டதில்லையே" என்றாள். குற்றம் சாட்டவில்லை, சும்மா சொன்னாள்.

எல்லைக்கு அப்பால் இருந்தவர்களோடு உறவு கெட்டது. அவர்கள் எதையோ பரப்பி விமானங்களின் வழிகாட்டிக் கருவிகளைக் குழப்பினார்கள். முள் ஒரு திசை காட்டும், ஓடுபாதை வேறு திசையில் இருக்கும். ஒரு முற்பகல், தரைக்குச் சற்று மேலிருந்து வானம் வரை மேகம் பால்போல நின்றபோது பல்லி அதற்குள் மாட்டிக்கொண்டான். கருவிகள் ஆளுக்கொன்று சொல்லின, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது காதோரம் பாட்டின் முதல் அடி வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தொடங்கும் பாட்டு என்று அவனுக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே, அவன் வழக்கப்படி ஒரு வாலைப் பிடித்துக்கொண்டே போனான். சுரம் வழுக்கிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கம் திரும்பினான். மேகத்துக்குக் கீழே வந்தபோது ஓடுபாதை கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. இறங்கினதும் நேராக அவள் மேஜைக்கு வந்து நின்றான். "லீவு வேணுமா?" என்று கேட்டாள். தலையாட்டினான். எழுதிக் கொடுத்தாள்.

பதக்கம் பல்லிக்குக் கிடைத்தது. சமயோசிதத்துக்காக. பாட்டுக்கு வரைபடத்தில் இடம் கிடைத்தது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று எண் போட்டுச் சிவப்புக் கோடு இழுத்தார்கள். பாடியவளின் பெயர் எங்கேயும் இல்லை. மலை, ஆறுபோல அதுவும் முன்பே அங்கே இருந்தது என்கிற பாவனை. அவளை மறுபடி பறக்க விட்டார்கள், மன்னிப்பு கேட்கவில்லை; மன்னித்துவிட்டோம் என்றார்கள். முதல் நாளே அவள் கேட்டது ஒன்றுதான்: அந்த இடத்துக்குப் போய், தப்பின் மேலேயே, சரியான சுரத்தை ஒரு முறை பாடிவிட்டு வருகிறேன். கமாண்டர் பதறிப்போனார். அந்தப் பிசகில்தானே எல்லோரும் திரும்புகிறார்கள், அது போனால் ஓடுபாதையை எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத் திருத்தக் கூடாது என்று எழுத்துமூலம் உத்தரவு வந்தது. அவள் உயிர்போக வெட்கப்பட்ட ஒரே ஒரு இடத்தை அரசாங்கச் சொத்தாக்கிக் காவலும் போட்டுவிட்டார்கள். டீச்சரிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் சொல்லிச் சொல்லித் திருத்த முடியாததை இவங்க திருத்தவே கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களா! சரி, இங்க அந்தச் சட்டம் இல்ல. முதல்லேருந்து பாடுங்க." பாடினாள். சரியாக வந்தது. வந்த சுவடு இல்லாமல் இஸ்திரி ஆவியோடு ஜன்னல் வழியே போய்விட்டது. இப்படிப் போவதுதான் பாட்டு என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவருக்கும் உதவாமல், ஒருவரும் பிடித்துக்கொள்ளாமல், ஒரு மூச்சு இருந்துவிட்டுப் போவது.

இன்று கமாண்டர் கேட்டது புதிய பாட்டு. எல்லைக்கு அப்பால், ஆற்றுப் பாலம் இருக்கிற ஊர்வரைக்கும் ஒரே நீளப் பாட்டு. வேவு பார்த்துப் படம் எடுக்கும் விமானத்தில் அவள் தனியாக உயரத்தில் போய்ப் பாடிவிட்டு வர வேண்டும். பின்னால் குண்டு விமானங்கள் அதைப் பிடித்துக்கொண்டு போகும். கருவியைக் குழப்பலாம், பாட்டை எவன் குழப்ப முடியும் என்றார், தானே கண்டுபிடித்ததுபோல. பாட்டு எங்கே முடிகிறதோ அங்கே குண்டைப் போட்டால் போதும். அதனால் கடைசிச் சுரம் நீளமாக இல்லாமல், வெட்டினதுபோல முடிய வேண்டும். என்ன பாட்டு என்பது அவள் இஷ்டம். அவர் அதைப் பெரிய சலுகையாகச் சொன்னார்.

"சும்மா பாடறதுதானேம்மா. உனக்குப் பிடிச்சதுதானே. உன் பொழுதுபோக்கும் ஆச்சு, நாட்டு வேலையும் ஆச்சு. இந்த மாதிரி யாருக்கு அமையும், சொல்லு?" என்றார். தோளில் பட்டை உயரும் என்றார். செவ்வாய், வெள்ளி இனி அவளுக்கு என்றார். வேண்டுமானால் டீச்சரையே தளத்துக்கு வரவழைக்கலாம், ஜீப் அனுப்பலாம் என்றார்.

குண்டு போடமாட்டேன் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அது வேலை, அதற்கு வயிற்றை இறுக்கக் கற்றுக்கொண்டு வந்தவள் அவள். போகச் சொன்னால் போவாள், போய்விட்டு வந்து இரவு தூங்காமல் கிடப்பாள், அந்தத் தூங்காமையும் சம்பளத்தோடு சேர்ந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வயிறு தளர்ந்திருக்கும் அந்த இரண்டு நிமிடம் மட்டும் இவர்கள் கொடுத்ததில்லை. இவர்கள் சிரித்தது, விசாரித்தது, தண்டித்தது, எண் போட்டது, சிவப்புக் கோடு இழுத்தது எல்லாம் அதைத்தான். இப்போது அதன் நுனியில் ஒரு ஊரைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார்கள். அதன் பிறகு மேல்மாடி அறையில் எந்தப் பாட்டை எடுத்தாலும், முடிக்கிற இடத்தில் ஒரு பாலமும் அதன் மேல் நடந்து போகிறவர்களும் வந்து நிற்பார்கள். மகள் ஒரு பாட்டு பாடு என்று கேட்டால் எந்தச் சுரத்தில் முடிப்பது?

தொட்டியில் மீன்கள் வாயைத் திறந்து மூடின. கமாண்டர் பேனாவின் மூடியைக் கழற்றி, வரைபடத்தில் சிவப்புக் கோடு தொடங்க வேண்டிய இடத்தில் முனையை வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் மேஜையிலிருந்த தன் தொப்பியை எடுத்தாள். மூச்சை இழுத்தாள். வயிறு தளர்ந்தே இருந்தது.

"பறக்கச் சொல்லுங்க, பறக்கறேன் சார்" என்றாள். "பாட்டு என் சொந்த நேரத்துல."